காற்றுக்காகக் காத்திருந்த வீரர்



பட்டம் விட்டிருக்கிறீர்கள்தானே? காற்று திசை மாறினால் பட்டம் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டத்துக்காவது நம் கையில் நூல் இருக்கிறது. நூலே இல்லாமல், காற்றை நம்பி வானில் ஏறியவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் பிலாத்ர் டி ரோசியே. 1754-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் மெட்ஸ் நகரில் பிறந்தார். 1781-ல் பாரீஸில் அறிவியல் கூடம் ஒன்றைத் தொடங்கி, மக்களுக்குச் சோதனைகள் செய்து காட்டினார்.

1783-ல் மாண்ட்கோல்பியர் சகோதரர்கள் துணியாலும் காகிதத்தாலும் பெரிய பலூன் செய்தனர். அடியில் தீ மூட்டினால் உள்ளிருக்கும் காற்று சூடாகி லேசாகும். பலூன் மேலே எழும். செப்டம்பரில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் அதில் பறந்து இறங்கின. அடுத்து மனிதர் ஏற வேண்டும். கைதிகளை அனுப்பலாம் என நினைத்தார் மன்னர் பதினாறாம் லூயி. ரோசியே விடவில்லை. வாதாடி அந்த வாய்ப்பைப் பெற்றார்.

நவம்பர் 21-ம் தேதி. கயிற்றில் கட்டிச் சோதித்தபோதே பலத்த காற்று பலூனைக் கிழித்துவிட்டது. பதறாமல் கிழிசலைத் தைத்தார்கள். மதியம் ரோசியேவும் அர்லாந்து பிரபுவும் ஏறினர். வைக்கோலைத் தீயில் போட்டபடி, துணியில் பற்றிய பொறிகளை ஈரப் பஞ்சால் அணைத்தபடி, சுமார் 25 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினர். மனிதன் பறந்துவிட்டான்!

அடுத்து, பிரான்சிலிருந்து கடலைக் கடந்து இங்கிலாந்து செல்ல விரும்பினார் ரோசியே. அங்கேதான் சிக்கல். பலூனை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் திருப்ப முடியாது. காற்று போகும் திசையில்தான் அதுவும் போகும். அந்தக் கடல்மேல் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது இங்கிலாந்துப் பக்கமிருந்தே வீசும். அதனால் 1785 ஜனவரியில் பிளான்சார்டும் ஜெப்ரீஸும் இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடந்து முந்திக்கொண்டனர்.

ரோசியே பூலோன் ஊரில் மாதக்கணக்கில் காத்திருந்தார். அரசு பணம் கொடுத்திருந்தது, ஊரே எதிர்பார்த்தது. பலூன் துணியோ நாளுக்கு நாள் நைந்துபோனது. ஜூன் 15-ம் தேதி நண்பர் ரோமேனுடன் கிளம்பிவிட்டார். மேலே ஹைட்ரஜன் பலூன், கீழே சூடான காற்றுப் பலூன். சிறிது தூரம் போனதும் காற்று திரும்பியது. பலூனைக் கரைக்கே தள்ளியது. திடீரென்று பலூன் சுருங்கி விழுந்தது. இருவரும் இறந்தனர். ரோசியேவுக்கு வயது 31தான்.

இன்று பலூன் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அதிகாலையில்தான் கிளம்புகிறார்கள். ஏன் தெரியுமா? வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று மேலும் கீழுமாகக் கொந்தளிக்கும். முதலில் சின்னப் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டுக் காற்றின் போக்கைப் பார்ப்பார்கள். பலத்த காற்று, மழை, இடி, மூடுபனி என்றால் பயணம் ரத்து.

1999-ல் பிக்கார்டும் ஜோன்ஸும் முதன்முதலாக பலூனில் உலகை நிற்காமல் சுற்றினர். எந்த உயரத்தில் எந்தக் காற்று வீசுகிறது என்று வானிலை அறிஞர்கள் தரையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தனர். அந்த வகைப் பலூனுக்குப் பெயர் என்ன தெரியுமா? ரோசியே பலூன்!

துணிவு வேண்டும், குழந்தைகளே. நேரம் சரியில்லை என்றால் பொறுத்திருக்கவும் துணிவு வேண்டும்.