கணித மேதை இராமானுஜனும் தேர்வுகளும்

கணக்குத் தேர்வு முடிந்து மணி அடித்ததும் நம் பள்ளி வேப்பமரத்தடியில் என்ன நடக்கும் என்பது தோழியர் அனைவரும் அறிந்ததே. வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வந்த விடைகளை ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் தத்தம் விடையோடு ஒத்துப் பார்ப்போம். ஒருத்திக்கு 12 வந்திருக்கும். இன்னொருத்திக்கு 18 வந்திருக்கும். யாராவது ஒருத்தியின் கண் கலங்கிவிடும். இப்படிக் கண் கலங்கியவர்களுள் உலகம் போற்றும் கணித மேதை ஒருவரும் உண்டு என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

அவர் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடியும், வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்தும் குடும்பத்திற்குத் துணை நின்றார்.

அத்தெருவின் பெயரையே கொண்ட சாரங்கபாணி என்ற தோழன் இராமானுஜனுக்கு இருந்தான். சிறு வயதில் நடந்த ஒரு கணக்குப் பரீட்சையில் 45க்கு இராமானுஜன் பெற்றது 42. சாரங்கபாணி பெற்றது 43. ஒரே ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒன்றை இராமானுஜனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தோழனோடு பேச மறுத்தான். மற்றப் பாடங்களில் நீதானே அதிகம் என்று சாரங்கபாணி சமாதானம் சொல்லியும் பயனில்லை. மற்றப் பாடங்கள் எப்படிப் போனால் என்ன, கணக்கில் தான் இரண்டாவதாக வரலாமா என்று அழுதுகொண்டே வீட்டுக்குத் தாயிடம் ஓடிவிட்டான். 1897இல் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த பிள்ளை இவன்தான்!

1898இல் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கணக்குத் தேர்வை மற்றவர்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியிலேயே முடித்துவிடுவார். அவரைச் சோதித்துப் பார்க்க எண்ணிய மேல்வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு நாள் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு இன்னொரு எண்ணைக் கூட்டினால் 7 வருகிறது, அந்த இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தோடு முதல் எண்ணைக் கூட்டினால் 11 வருகிறது, எண்கள் யாவை? இராமானுஜன் அரை நிமிடத்தில் 9, 4 என்று விடை சொல்லிவிட்டார். நானும் போட்டுப் பார்த்தேன். முறைப்படி போனால் நான்காம் படிச் சமன்பாடு வந்து நிற்கிறது. ஒரு முழுத் தாள் தீர்ந்தது, விடை வரவில்லை. 9ஐயும் 4ஐயும் வைத்துச் சரிபார்க்கத்தான் முடிந்தது.

1904இல் பள்ளியின் கணிதப் பரிசான ரங்கநாதராவ் பரிசை அவர் பெற்றபோது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகுந்த மாணவர் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் அவரைப் பாராட்டினார்.

இதற்கு முந்திய ஆண்டில்தான் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5000 கணித முடிவுகளை அடுக்கிய நூல் அது. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இராது. இருந்தாலும் ஓரிரு வரிகளே. இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே போட்டு, நூலில் உள்ள முடிவோடு ஒத்துப் பார்த்தார். பிறகு நூலில் இல்லாத முடிவுகளையும் கண்டுபிடிக்கத் தொடங்கினார். மற்றப் பாடங்களை மறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கிடைத்திருந்த உதவித்தொகை ஆங்கிலத்தில் தவறியதால் போயிற்று. மனமுடைந்து யாருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906இலும் 1907இலும் எப்.ஏ. தேர்வு எழுதினார், இரு முறையும் தோல்வி. ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு அழுத பிள்ளையின் பெயர் இப்போது தேர்ச்சிப் பட்டியலிலேயே இல்லை.

அந்நாட்களில் காகிதம் வாங்கப் பணம் இல்லை. சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, கடைசியில் வரும் விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். நம் கணக்கு சிஸ்டர் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வழிமுறை எழுதாத விடைக்கு நம் வகுப்பில் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்காது!

1909இல் அவருக்கும் சிறுமி ஜானகிக்கும் திருமணம் நடந்தது. வேலை தேடிப் பலர் வீட்டுப் படியேறி, 1912இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அலுவலகத்தில் மேலாளர் நாராயண ஐயரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்கு ஆதரவளித்தனர். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாள் தாளாகக் கணித முடிவுகள்; நிரூபணம் இல்லை.

கடிதம் கிடைத்தபின் ஒரு மாலையில் ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் செய்ததும் நாம் மரத்தடியில் செய்வதுதான். அந்த விடைகளைத் தமக்குத் தெரிந்த விடைகளோடு ஒத்துப் பார்த்தார்கள். சில, ஐரோப்பியர் முன்பே கண்டவை. இவர் அவற்றைக் கும்பகோணத்தில் தனியே இருந்து மறுபடி கண்டிருந்தார். சில தவறானவை. பகா எண்களைப் பற்றி அவர் எழுதியிருந்தது உண்மையில் பிழை. இன்னும் சிலவோ அவ்விருவரும் கண்டும் கேட்டுமிராதவை. இவற்றைக் கற்பனையில் கட்டியிருக்க முடியாது, எழுதியவர் பெரிய மேதையாகத்தான் இருக்க வேண்டும் என்று இரவுக்குள் முடிவுக்கு வந்தார்கள்.

அதன்பின் காரியங்கள் விரைந்து நடந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. கடல் கடப்பதற்குத் தாயின் சம்மதமும் கிடைத்தது. 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் அவர் தாமே சமைத்து உண்டார். ஒரு நாள் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்கையில், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரை வாசித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக உள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் சற்று முயன்று விடை கண்டிருந்தார். தெருவில் 288 வீடுகள், அந்த வீடு 204. இராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் இந்த ஒரு விடை மட்டுமா இருந்தது? 8 வீடுகள் உள்ள தெருவில் 6ஆம் வீடு என்பது தொடங்கி, எத்தனை நீளத் தெருவானாலும் வரக்கூடிய விடைகள் எல்லாம் அதில் அடங்கியிருந்தன.

அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த விடை ஒப்பீடு இனி வருவது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 வகையாகப் பிரிக்கலாம். எண் பெரிதாகப் பெரிதாக இந்த வகைகளும் பெருகுகின்றன. 200ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? முன்னாள் இராணுவ அதிகாரியான மேஜர் மக்மேகன், 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார். அவருடைய விடை 39,72,99,90,29,388. ஏறக்குறைய நான்கு இலட்சம் கோடி! ஹார்டியும் இராமானுஜனும் எண்ணாமலே விடை தரும் ஒரு வாய்பாட்டைக் கண்டனர். அதன் முதல் 8 உறுப்புகளைக் கூட்டி, மேஜரின் விடையோடு ஒத்துப் பார்த்தனர். வித்தியாசம் 0.004. முழு எண்ணில் ஓர் இலக்கமும் மாறவில்லை. இது 1918இல் வெளியாயிற்று. முறையான வழிமுறையும் இம்முறை உடன் இருந்தது. அதற்கு ஹார்டியே காரணம். அதே ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் திரினிட்டிக் கல்லூரியின் பெல்லோவாகவும் இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். எப்.ஏ. தேறாதவருக்கு 1916இலேயே கேம்பிரிட்ஜ் தன் ஆராய்ச்சிப் பட்டத்தை அளித்துவிட்டது.

ஆனால் குளிரும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவர் உடலை வாட்டின. 1917இல் நோயுற்றார். 1919இல் தாயகம் திரும்பினார். படுக்கையில் சாய்ந்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அருகிலிருந்து பணிவிடை செய்து, எழுதிய தாள்களைச் சேர்த்து வைத்தவர் ஜானகி அம்மாள். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் இராமானுஜன் காலமானார். வயது 32தான்.

அவருடைய கடைசி ஆண்டுத் தாள்கள் கடல் கடந்து சென்று, திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் யாரும் அறியாமல் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். அவற்றிலும் விடைகளே, வழிமுறை இல்லை. ஆண்ட்ரூசும் புரூஸ் பெர்ண்ட் என்பவரும் அவற்றுக்கு வழிமுறை எழுதி முடிக்க ஐந்து தொகுதிகள் வேண்டியிருந்தன. கடைசித் தொகுதி 2018இல்தான் வெளிவந்தது. தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்துவந்த ஜானகி அம்மாள், தம் கணவரின் தாள்கள் கிடைத்த செய்தியை அறிந்திருந்தார், 1994இல் மறைந்தார்.