வள்ளல் பச்சையப்பர் வைத்துச்சென்ற தருமம்

கோயிலுக்கு எழுதிவைத்த சொத்துச் சட்டத்தின் முன் தருமச் சொத்து ஆகுமா என்னும் வினா நம் ஆலய பரிபாலன சபைகளில் அடிக்கடி எழுவதொன்று. ஏழைக்கு இடுவதே தருமம், பூசைக்கு வைப்பது அவரவர் பக்தி என்று வாதிப்பாரும் உளர். இவ்வினாவை ஆராயப் புகும் இளைஞர், வள்ளல் பச்சையப்ப முதலியாரின் சரித்திரத்தை முதலில் அறிதல் நன்று.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு, தந்தையார் விசுவநாத முதலியார் காலமான பின்னர் பிறந்தவர். ஆதரவற்ற தாயார் பூச்சியம்மாளுக்கும் மக்களுக்கும் நாராயண பிள்ளை என்னும் பெருந்தகை புகலிடம் அளித்தார். அவர் நிழலில் வளர்ந்த சிறுவர் ஆங்கிலமும் கணக்கும் பயின்று, வெள்ளையருக்கும் நம்மவர்க்கும் இடைநின்று பேசும் துபாஷி ஆனார். தஞ்சை அரசர்க்கும் கும்பினியார்க்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல்களில் அவர் கை ஓங்கியது, பெரும்பொருள் சேர்ந்தது. சேர்ந்ததைப் பூட்டிவைத்தாரல்லர். தில்லைக் கீழைக் கோபுரத் திருப்பணி அவர் பெயரை இன்றும் சொல்லும்.

நாற்பதாம் வயதில் நோய் கண்டது. 1794 மார்ச் மாதம் கும்பகோணத்தில் மரணசாசனம் எழுதுவித்து, அம்மாத இறுதியில் திருவையாற்றிலே சிவபதம் அடைந்தார். இந்துக்களிடையே மரணசாசனம் எழுதும் வழக்கம் மிக அருகியிருந்த காலம் அது. தம் பொருளின் பெரும்பகுதியைத் தலங்களில் வழிபாட்டுக்கும் அதனைச் சார்ந்த தருமங்களுக்கும் உரித்தாக்கியிருந்தார். எழுதியது நல்லதாயிற்று, எழுதாது விட்டிருப்பின் அப்பொருள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்.

எழுதியும் தருமம் உடனே நடந்துவிடவில்லை. உறவினரும் பொறுப்பாளரும் பல்லாண்டு வழக்காடினர். பணம் வட்டியோடு பெருகிக்கொண்டிருக்க, விளக்குக்கு எண்ணெய் சேரவில்லை. ஈற்றில் சென்னை உச்ச நீதிமன்றத்திலே அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் இதில் தலையிட்டார். அவர் நுழைந்ததிலேதான் நம் வினாவுக்கு விடை இருக்கிறது. குடும்பச் சொத்தானால் அவருக்கு அங்கே வேலையில்லை. பொதுமக்களுக்குரிய தருமத்துக்கே அரசாங்கம் காவல். கோயிற் கட்டளைகள் தருமமாகவே காக்கப்பட்டன. அவற்றுக்கு வேண்டியதை ஒதுக்கியபின் மிகுந்து நின்ற பெருந்தொகை கல்விக்கு ஆக்கப்பட்டது. தருமத்துக்கென வைத்த பொருள் மிஞ்சினால் வேறொரு தருமத்துக்கே செல்லவேண்டும், வாரிசுகளிடம் திரும்புதல் கூடாது என்பது இதன் உட்கிடை. அட்வகேட் ஜெனரல் ஜோர்ஜ் நோர்ட்டன் இதில் காட்டிய ஊக்கம் மறக்கற்பாலதன்று.

1842 ஜனவரி முதலாந் திகதி சென்னையில் பச்சையப்பர் பாடசாலை திறக்கப்பட்டது. 1889இல் அது கல்லூரியாக உயர்ந்தது. பூசைக்கு வைத்த பொருள் பள்ளிக்குப் போனமை முறையோ எனச் சில பெரியோர் கேட்கலாம். பூசையைக் குறைத்து அது செய்யப்படவில்லை. ஆதலின் முறையே என்பது எமது துணிபு. குறைத்திருப்பின் வேறு பேச்சு.

நம் நாட்டில் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அதன் 99ஆம் பிரிவு வறுமை நீக்கம், கல்வி வளர்ச்சி ஆகியவற்றோடு சமய வளர்ச்சியையும் சமயக் கிரியைகளைப் பேணுதலையும் தருமத்துள் அடக்குகின்றது. ஆனால் பயன் பொதுமக்களுக்கோ அவருள் ஒரு பகுதியார்க்கோ சேரல் வேண்டும். வீட்டுப் பூசையறைக்குத் தம் குடும்பத்தார்க்கென மாத்திரம் எழுதிவைத்த காணியை இப்பிரிவில் அடக்குதல் அரிது. ஊர்க்கோயில்கள் பலவற்றுக்கு உறுதியே கிடையாதே என்று கவலையுறுவோர் 107ஆம் பிரிவைப் பார்ப்பாராக. முறைப்படி எழுதிய சாசனம் இல்லையென்பதால் மாத்திரம் நீதிமன்றம் கைவிரிக்க வேண்டியதில்லை. நெடுங்கால வழக்கமும் சூழ்நிலையும் நோக்கித் தருமம் உண்டெனத் தீர்மானிக்கலாம். ஆயினும் அவ்வழக்கத்தை நேரிற் கண்டு சாட்சி சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே காணிக் கணக்கையும் கட்டளை விபரத்தையும் கேட்டு எழுதிவைக்கும் பணியை நம் சங்கத்து இளைஞர் ஏற்பாராக.