ருடால்ப் டீசல்

குளச்சலிலிருந்தும் சின்னமுட்டத்திலிருந்தும் விடியுமுன் கடலேறும் விசைப்படகுகளின் ஒலியை நாஞ்சில் நாட்டார் நன்கு அறிவர். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து நாகர்கோவிலுக்கு வரும் சரக்கு வண்டிகளும் அத்தகைய ஒலியோடுதான் வருகின்றன. இவற்றை இயக்குவது டீசல் எந்திரம். டீசல் என்பதை எண்ணெயின் பெயராகவே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அஃது ஒரு மனிதரின் பெயர். எரிபொருள் தரும் வெப்பம் வீணாகக் கூடாது என்பதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட ருடால்ப் டீசல் என்னும் அறிஞரே அவர்.

ருடால்ப் டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோர் செருமானியர். தந்தையார் தோலால் பைகளும் பிற பொருள்களும் செய்து விற்று வாழ்ந்தவர். அப்பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது சிறுவனின் வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சிறுவன் எந்திரக் காட்சிச்சாலைக்குச் சென்று, அங்கிருந்த பொறிகளைப் பார்த்துப் பார்த்து வரைவான்.

1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. செருமானியக் குடும்பங்கள் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இலண்டனில் அடைக்கலம் புகுந்தது. வறுமை மிகவே, பன்னிரண்டு வயதுச் சிறுவன் செருமனியிலுள்ள ஆக்சுபர்க்கு நகருக்குத் தனியே அனுப்பப்பட்டான். அங்கே கணித ஆசிரியராயிருந்த உறவினர் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தான்.

பின்னர் அவர் மியூனிக்கு நகரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். குளிர்விக்கும் எந்திரங்களை அமைத்துப் புகழ்பெற்ற லிண்டே என்பவர் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். நீராவி எந்திரத்தில் இடும் நிலக்கரியின் வெப்பத்தில், நூற்றில் பத்துப் பங்கேனும் வேலையாக மாறுவது அரிது என்று ஒருநாள் ஆசிரியர் பாடத்தில் விளக்கினார். ஏனைய தொண்ணூறு பங்கும் வீணே காற்றோடு கலக்கிறது. இவ்வுண்மை இளைஞரின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. வறுமையில் வளர்ந்த அவரால் அவ்வளவு பெரிய வீண்செலவைப் பொறுக்க இயலவில்லை. சிறு தொழிலாளரும் வாங்கி ஆளத்தக்க சிக்கனமான எந்திரம் ஒன்றை அமைப்பது என்று உறுதி பூண்டார். கடுங்காய்ச்சலால் தேர்வு தள்ளிப்போயினும், 1880இல் மிகச் சிறந்த மதிப்பெண்களோடு தேறினார்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது குழாய் சுடுவதை யாவரும் அறிவர். காற்றை நெருக்கினால் அது வெப்பமடையும் என்பதே அதன் காரணம். டீசலின் கண்டுபிடிப்பு இவ்வெளிய உண்மையின் மீது எழுந்ததாகும். பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளும் காற்றும் கலந்து உருளைக்குள் புகும். மின்பொறி அதனைக் கொளுத்தும். அக்கலவையை மிகுதியாக நெருக்கினால் உரிய காலத்துக்கு முன்பே தீப்பற்றிவிடும். ஆகவே, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்கே அதனை நெருக்க முடியும். டீசலோ காற்றை மட்டும் உருளைக்குள் புகவிட்டார். அதனைப் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என நெருக்கலாம். அப்போது காற்று 500 பாகைக்கு மேல் வெப்பமடைகிறது. அதில் தெளிக்கப்படும் எண்ணெய், பொறியின் உதவியின்றித் தானே எரிகிறது. மிகுதியாக நெருங்கிய வளி மிகுதியாக விரிகிறது. அதனால் வெப்பத்தில் கூடுதலான பங்கு வேலையாகிறது.

1893இல் அவர் தம் கருத்தை நூலாக வெளியிட்டு, காப்புரிமையும் பெற்றார். ஆக்சுபர்க்கு எந்திரத் தொழிற்சாலை அவருக்குத் துணை நின்றது. அவ்வாண்டு ஆகசுட்டு 10ஆம் நாள் நடந்த முதல் சோதனையில், அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் உயிர் தப்பியதே அரிது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. எண்ணெய் தன்னால் எரியும் என்பதை அவ்வெடிப்பே மெய்ப்பித்துவிட்டது என்று மகிழ்ந்தார். மறு ஆண்டில் எந்திரம் ஒரே ஒரு நிமிடம் தானாக ஓடியது. மேலும் மூன்றாண்டு உழைத்தபின், 1897இல் பேராசிரியர் ஒருவர் அதனை முறையாகச் சோதித்தார். வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது கண்டு அறிஞருலகம் வியந்தது. 1900இல் பாரிசுப் பொருட்காட்சியில் டீசல் எந்திரம் ஒன்று கடலை எண்ணெயைக் கொண்டே ஓடிற்று.

செல்வமும் புகழும் டீசலை நாடி வந்தன. ஆனால், எந்திரத்தில் ஒரு துளியும் வீணாகாமல் காத்தவர் தம் பொருளைக் காக்க அறியாதவராயினார். வழக்குகளும் தவறான முதலீடுகளும் அவர் செல்வத்தைக் கரைத்தன, உடல்நலமும் குன்றியது. 1913 செப்டம்பர் 29ஆம் நாள் இரவு இங்கிலாந்து நோக்கிக் கப்பலில் சென்றவர், காலையில் காணப்படவில்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் மிதக்கக் கண்டனர். அதிலிருந்த பொருள்களைக் கண்டு, அவை தம் தந்தையாருடையவை என மகன் உரைத்தார். அவர் முடிவின் காரணம் இன்றும் தெளிவாகவில்லை.

அவர் எந்திரம் காரில் ஏறியதை அவர் காணவில்லை. 1936இல் மெர்சிடிசு நிறுவனம் டீசல் கார் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. 100 கிலோமீட்டர் செல்ல அதனையொத்த பெட்ரோல் கார் ஏறத்தாழ 13 லிட்டர் குடிக்க, இதற்கு ஒன்பதரை லிட்டரே போதியதாயிற்று. வாடகைக் கார் ஓட்டுவோர் இதனை விரும்பி வாங்கினர். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இணைந்திருந்த காலத்தில், 1938இல் அவ்வரசு தொடங்கிய பேருந்துப் பணிக்கும் இங்கிலாந்திலிருந்து டீசல் எந்திரங்களே வந்தன.

இன்றும் ஒத்த அளவுடைய கார்களில், ஒரு லிட்டருக்கு டீசல் கார் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு கூடுதல் தொலைவு செல்லும். அத்தனையும் எந்திரத்தின் திறனன்று. டீசல் எண்ணெய் பெட்ரோலைவிட அடர்த்தியானது. ஆதலால் ஒரு லிட்டரில் அடங்கிய வெப்பமே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகுதி. எஞ்சிய ஆதாயமே டீசலின் அறிவு தந்த கொடை. இக்கொடைக்கும் ஒரு குறை உண்டு. டீசல் எந்திரத்தின் கரித்தூளும் நைட்ரசன் ஆக்சைடுகளும் மூச்சுக்குத் தீங்கு செய்வன. அவற்றை வடிகட்டும் கருவிகளின் விலை மிகுதி. 2020 ஏப்பிரலில் இந்தியாவில் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் சிறிய டீசல் கார்கள் பல சந்தையிலிருந்து மறைந்தன.

எரிபொருள் குறைந்தால் மட்டும் போதாது, அதன் புகையும் கணக்கில் சேரவேண்டும் என்பதை உலகம் இன்று உணர்கிறது. வீணாவது எது என்று கேட்கும் பழக்கத்தை டீசல் தொடங்கி வைத்தார். அக்கேள்வியை விடாது கேட்டு வருவதே அவருக்குச் செய்யும் நன்றியாகும்.