கைவிளக்கேந்திய காரிகை

19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், செல்வக் குடும்பத்துப் பெண் மருத்துவமனையில் தொண்டு செய்வது இழுக்காகக் கருதப்பட்டது. 1820 மே 12 அன்று பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தமது 16-ஆம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். வீட்டாரின் எதிர்ப்பைக் கடந்து ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் பயிற்சி பெற அவருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன.

1853-இல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. மாடிதோறும் குழாயில் வெந்நீர், உணவை மேலே ஏற்ற ஒரு தூக்குப்பெட்டி, நோயாளி அழைத்தால் செவிலிக்குத் தெரியும்படி மணிகள் ஆகியவற்றையே அவர் முதலில் கேட்டார். படியேறி இறங்கியே செவிலி களைத்துவிட்டால் நோயாளியின் அருகில் இருப்பது யார்? கட்டடத்தைச் சீர்செய்வதும் அவருக்கு நோயாளியைப் பேணுவதாகவே இருந்தது.

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குடாரியில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனையை அடைந்தார். இரவில் கைவிளக்குடன் அவர் வீரர்களைக் கண்டு வந்ததை உலகம் அறியும். அவர் வந்த பின்பும் அக்குளிர்காலத்தில் மரணங்கள் பெருகியதைப் பலரும் அறியார். துவைத்த துணி, நல்ல உணவு, கனிந்த கவனிப்பு அனைத்தும் கிடைத்தும், 1855 பிப்ரவரியில் நோயுற்றோரில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை கிடந்தது. மார்ச் மாதம் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு இவற்றை அகற்றிக் காற்றோட்டத்தைச் சீராக்கியது. ஜூனில் அந்த விகிதம் நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது.

அதே ஆண்டு மே மாதம் கடுங்காய்ச்சலில் உயிருக்குப் போராடியபோதும், நாடு திரும்புமாறு கூறியதை அவர் ஏற்கவில்லை. 1856 மார்ச்சில் போர் முடிந்தது. ஆயினும் மருத்துவமனைப் பணி நிறைவுறும்வரை இருந்து, ஜூலை இறுதியில்தான் புறப்பட்டார்.

இங்கிலாந்தில் வில்லியம் பார் என்ற புள்ளியியலாளரின் துணையோடு மரணக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க் காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே மிகப் பலரைக் கொன்றன என்பது தெளிவாயிற்று. தாம் இரவு பகலாகப் பாடுபட்ட மருத்துவமனையே அவற்றுள் மிக மோசமான ஒன்று என்ற உண்மை எவர் நெஞ்சையும் உலுக்கக்கூடியது. அவர் அதை மூடி வைக்கவில்லை. 1858-இல் வண்ண வரைபடங்களாக்கி ஆட்சியாளர் முன் வைத்தார்.

1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் நிறுவிய பள்ளியில், மாணவியர் மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்றனர். காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு, கூடத்தின் காற்றோட்டமும் படுக்கையின் தூய்மையும் அவர்களுடைய பொறுப்பாயின.

இந்திய மண்ணை அவர் மிதித்ததில்லை. ஆயினும் இங்குள்ள ராணுவ முகாம்களுக்கு வினாத்தாள்கள் அனுப்பிக் குடிநீர், வடிகால் நிலைமைகளைக் கேட்டறிந்து, சீர்திருத்தங்களுக்காகப் பல்லாண்டு வாதாடினார். ஆயிரம் வீரருக்கு 69 ஆக இருந்த ஆண்டு மரணம் 18 ஆகக் குறைந்ததை 1873-இல் அவரால் எடுத்துக்காட்ட முடிந்தது.

1910 ஆகஸ்ட் 13 அன்று, 90-ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும் குடும்பத்தார் இசையவில்லை. கிழக்கு வெல்லோ என்ற சிற்றூரில் உள்ள கல்லறையில் அவரைக் குறிக்க இருப்பவை எப்.என். என்ற இரு எழுத்துகளும் பிறப்பு, இறப்புத் தேதிகளும் மட்டுமே.