எல்லாரும் ‘ஜார்ஜ்’ அல்ல



அமெரிக்காவின் புல்மன் ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்து, சுமை தூக்கி, இரவெல்லாம் விழித்திருந்த கறுப்பின ஊழியர்கள் மாதம் 400 மணி நேரம் வரை உழைத்தார்கள். பயணிகளோ அத்தனை பேரையும் முதலாளியின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள்.

1925-இல் அவர்களின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் (1889–1979). பத்திரிகையாளரான அவர் புல்மன் ஊழியர் அல்ல. அதனால் அவரை நிறுவனத்தால் வேலைநீக்கம் செய்ய முடியவில்லை. ஆனால் சங்கத்தில் சேர்ந்த பலர் வேலை இழந்தார்கள். அவர் விடவில்லை. 12 ஆண்டுகளுக்குப் பின், 1937-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சம்பளம் உயர்ந்தது, வேலை நேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது.

நம் வளாகக் காவலாளியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவருக்கு எத்தனை மணி நேர வேலை என்று கேட்டிருக்கிறீர்களா?