வரைந்த கரமும் வழங்கிய கரமும்



பாரிஸ் நகரின் ரு டு பாக் வீதியைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1830ஆம் ஆண்டில் புனித கத்தரீன் லபூரே அற்புதப் பதக்க அன்னையின் காட்சியைக் கண்ட சிற்றாலயம் அங்கேதான் அமைந்துள்ளது. அக்காட்சிக்கு 34 ஆண்டுகளுக்கு முன்னர், 1796 யூலை 16ஆம் திகதி அதே வீதியில் பிறந்தவரே இயற்கைக் காட்சி ஓவியர் ஜீன் பப்டிஸ்ட் கமீல் கொரோ.

தாயார் பெண்களுக்கான தொப்பிகள் செய்து விற்கும் கடையொன்றை நடத்தினார். மகனைத் துணி வியாபாரியாக்கத் தந்தையார் விரும்பினார். பெற்றோரின் சொல்லை மீறாத கொரோ 26 வயது வரை துணிக்கடைகளில் வேலை பார்த்தார். ஆனால் வியாபாரம் அவருக்குக் கைவரவில்லை. 1822இல் தந்தையார் இறங்கி வந்தார். காலமாகிவிட்ட இளைய மகளுக்குரியதாயிருந்த, ஆண்டுக்கு 1500 பிராங்க் படிப்பணத்தை மகனுக்கு வழங்கச் சம்மதித்தார். சகோதரியின் இழப்பிலிருந்து வந்த அப்பணமே ஓவியரின் முதல் மூலதனம்.

1825இல் இத்தாலி சென்ற அவர் மூன்று ஆண்டுகள் வெட்டவெளியில் அமர்ந்து, பாலங்களையும் குன்றுகளையும் காலை வெயிலையும் கண்டபடியே வரைந்தார். அவற்றை ஆரம்ப முயற்சிகளாகவே கருதித் தம் கூடத்தில் வைத்துக்கொண்டார். இன்று ஓவிய அறிஞர்கள் பெரிதும் போற்றுவது அந்தச் சிறு ஓவியங்களைத்தான். ஏறக்குறைய ஐம்பது வயது வரை அவரது ஓவியங்கள் அதிகம் விலைபோகவில்லை. 1846இல் அரசு அவருக்கு லீஜன் ஒவ் ஒனர் என்னும் கௌரவத்தை வழங்கியபோது வியப்படைந்தவர்களுள் தந்தையாரும் ஒருவர்!

கொரோ திருமணம் செய்துகொள்ளவில்லை. 1851இல் தாயார் மறையும்வரை பெற்றோரின் பிள்ளையாகவே வாழ்ந்தார். இரவில் கிறிஸ்துநாதர் அநுசாரம் என்னும் நூலை வாசிப்பது அவரது வழக்கம். ஸ்நாபக அருளப்பரின் பெயரைத் தாங்கிய இவர், பாரிஸின் புனித நிக்கலஸ் டு ஷார்டொனே ஆலயத்துக்கு இயேசுவின் திருமுழுக்கை வரைந்தார். ரோனி ஊர் ஆலயத்துக்குச் சிலுவைப்பாதையின் 14 தலங்களையும் வரைந்து கொடுத்தார். எனினும் உலகம் அவரை நினைவுகூர்வது வெள்ளி படர்ந்த நீர்நிலைகளுக்காகவும், பனிமூட்டத்தில் கரையும் மரங்களுக்காகவும்தான். 1864இல் வரைந்த மோர்ட்பொன்டேன் நினைவு என்ற ஓவியத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கினார். இப்போது அது லூவர் அரும்பொருளகத்தில் இருக்கின்றது.

முதுமையில் பணம் குவிந்தது. அது அவரது கையில் தங்கவில்லை. மன்னரைக் கேலிச்சித்திரமாக வரைந்து சிறை சென்ற ஒனொரே டோமியே, வயதான காலத்தில் பார்வை மங்கி வாடகை கொடுக்க வழியின்றித் தவித்தார். வால்மொண்டுவா கிராமத்தில் அவர் குடியிருந்த வீட்டையே கொரோ விலைக்கு வாங்கி அவருக்கு உரிமையாக்கினார்.

ஒன்றை மட்டும் மறைப்பதற்கில்லை. வறிய ஓவியர்கள் தம் ஓவியங்களைப் பிரதிசெய்து கொண்டுவந்தால், நல்ல விலை கிடைக்கட்டும் என்று அவற்றிலும் தமது கையொப்பத்தை இட்டுவிடுவார். கொடுத்தவர் பயன் எதிர்பார்க்கவில்லை, உண்மை. ஆயினும் வாங்கியவர் ஏமாந்தார் அல்லவா? இதைப் புண்ணியக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. எது கொரோவின் கைவண்ணம், எது பிரதி என்று பிரித்தறிய நிபுணர்கள் இன்றும் சிரமப்படுகிறார்கள்.

வயலில் ஆணும் பெண்ணும் தலைகுனிந்து திரிகால செபம் சொல்லும் ஓவியத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதை வரைந்த மில்லே 1875 சனவரியில் மனைவியையும் ஒன்பது பிள்ளைகளையும் விட்டுக் காலமானார். அவ்வேளையில் கொரோவும் கடும் வயிற்று நோயால் தளர்ந்திருந்தார். மில்லேயின் விதவைக்கு அவர் அனுப்பிய தொகை 10,000 பிராங்க். ஒருகாலத்தில் தந்தையார் கொடுத்த படிப்பணத்தில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்குரிய தொகை அது. அடுத்த மாதம் 22ஆம் திகதி கொரோ கண்மூடினார்.