அயல்மண்ணில் டிராலப் அம்மையார்

1827ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், இலண்டனிலிருந்து ஒரு பாய்மரக் கப்பல் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டது. அதில் 48 வயதுடைய ஓர் ஆங்கிலப் பெண்மணி, தம் மகன் ஒருவனுடனும் இரு மகள்களுடனும் பயணம் செய்தார். அவர் ஊர் சுற்றிப் பார்க்கச் செல்லவில்லை. பிழைக்க வழி தேடிச் சென்றார். அவர்தாம் பிரான்சஸ் டிராலப். பிற்காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிதும் பேசப்பட்ட எழுத்தாளர் அவர். ஆனால், கப்பலேறிய அந்நாளில் அவர் ஒரு நூலையும் வெளியிட்டிருக்கவில்லை.

டிராலப் அம்மையார் 1779ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு சமயக் குரு. இளமையிலேயே நூல்களை விரும்பிப் படித்த அம்மையார், 1809ஆம் ஆண்டு தாமஸ் ஆண்டனி டிராலப் என்ற வழக்கறிஞரை மணந்தார். தொடக்கத்தில் குடும்பம் வசதியாகவே வாழ்ந்தது. ஆனால், கணவரின் முன்கோபத்தால் வழக்குகள் குறைந்தன. குத்தகைக்கு எடுத்த பண்ணையும் நட்டத்தில் மூழ்கியது. உறவினர் ஒருவரிடமிருந்து வரும் என்று நம்பியிருந்த சொத்தும் கைநழுவிப் போனது. கடன் கழுத்தை நெரித்தது.

அப்போது, அம்மையாரின் தோழி பிரான்சஸ் ரைட் அமெரிக்காவுக்கு வருமாறு அழைத்தார். அவர் டென்னசி மாநிலத்தில் நஷோபா என்ற குடியிருப்பை அமைத்திருந்தார். அடிமைகளுக்குக் கல்வி தந்து விடுதலைக்கு ஆயத்தப்படுத்துவதே அதன் நோக்கம். இங்கிலாந்தில் ஆகும் செலவைவிட அமெரிக்காவில் குறைவாகவே ஆகும் என்று எண்ணிய அம்மையார், அவருடன் கிளம்பினார். பிரெஞ்சு ஓவியர் ஆகஸ்ட் எர்வியும் உடன் சென்றார். கணவரும் மற்ற இரு மகன்களும் இங்கிலாந்தில் தங்கினர்.

ஏழு வாரக் கடற்பயணத்திற்குப் பின்னர், கிறிஸ்துமஸ் நாளன்று கப்பல் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தது. புத்தாண்டு நாளில் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து நீராவிப் படகில் அவர்கள் ஆற்றுவழியே மேலே சென்றனர். அந்தப் படகின் உணவு மேசையில்தான் அம்மையாருக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. மேசைக்கு வந்த ஆண்களில் பலர் தளபதி, மேஜர் முதலிய பட்டங்களால் ஒருவரையொருவர் அழைத்தனர். ஆனால், உண்ணும்போது ஒருவரும் பேசவில்லை. மின்னல் வேகத்தில் உண்டு முடித்தனர். கத்தியின் முழு அலகும் வாய்க்குள் போய்வந்தது. பின்பு, சட்டைப்பைக் கத்தியால் பல்லைக் குத்தினர். மென்ற புகையிலையைத் தரையில் துப்பிக்கொண்டே இருந்தனர். உணவு வேளை என்பது நிதானமாக அமர்ந்து உரையாடும் வேளை என்றே பழகியிருந்த அம்மையார் மூக்கின்மேல் விரல் வைத்தார்.

நஷோபாவை அடைந்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. காட்டின் நடுவே சில மரக்குடில்களே இருந்தன. குடிக்க மழைநீர், உண்ணப் பன்றியிறைச்சி, அரிசிச் சோறு, சில உருளைக்கிழங்குகள். பால் கிடைக்கவில்லை. கோதுமை ரொட்டியும் அரிதாகவே கிடைத்தது. காய்ச்சல் பரவும் அந்த இடத்தில் பிள்ளைகளை வைத்திருக்க அவர் அஞ்சினார். பத்து நாள்களில் அங்கிருந்து வெளியேறி, 1828ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் ஒகாயோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டி நகருக்குச் சென்றார். அன்று அந்நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 20,000.

வாடகை வீடு கிடைத்தது. ஆனால், வீட்டில் தண்ணீர்க் குழாயும் இல்லை; கழிவுநீர் செல்லும் வழியும் இல்லை. குப்பையை எங்கே போடுவது என்று விசாரித்தபோது, தெருவின் நடுவில் கொட்டவேண்டும் என்ற பதில் வந்தது. பன்றிகள் அதைத் தின்று தீர்த்துவிடும். தெரு ஓரத்தில் கொட்டுவதுதான் குற்றம்! பன்றியிறைச்சி வணிகத்தால் வளர்ந்த அந்நகரில் பன்றிகள் தெருவெங்கும் உலவின. பெண்கள் தெருவில் நடந்தால் அவை உரசிக்கொண்டு செல்லும். முகஞ்சுளித்த அம்மையாரும், அவை இல்லாவிட்டால் தெரு இன்னும் நாறிவிடும் என்பதை ஒப்புக்கொண்டார்.

உணவுப் பொருள்களுக்குக் குறைவில்லை. சூரியன் உதிக்கும்போதே சந்தை கூடிவிடும். இறைச்சி, கோழி, காய்கறி ஆகியவை மலிவாகவும் தரமாகவும் கிடைத்தன. அத்தகைய சந்தையை உலகின் வேறெங்கும் காண்பது அரிது என்று அவர் பாராட்டினார். வசதியுள்ள ஆண்களே கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் சந்தைக்கு வருவதைக் கண்டு அவர் வியந்தார்.

சமைக்கும் முறைதான் அவருக்குப் பிடிபடவில்லை. முட்டையோடு சிப்பி, பன்றித்தொடை இறைச்சியோடு ஆப்பிள் மசியல், மாட்டிறைச்சியோடு வேகவைத்த பீச் பழம் என்று இனிப்பும் உப்பும் ஒரே தட்டில் கலந்தன. நல்ல ரொட்டி கிடைத்தபோதும், மக்கள் காலையும் மாலையும் அரைவேக்காட்டுச் சூட்டு ரொட்டியையே விரும்பினர். சோளத்தைப் பச்சையாக அவித்தும், உடைத்துச் சோறுபோல் வேகவைத்தும் உண்டனர். சோளமாவில் பன்னிரண்டு வகைப் பணியாரங்களாவது செய்தனர். அவற்றில் ஒன்றுகூட அம்மையாரின் நாவுக்கு ஒத்துவரவில்லை. ஆயினும், மூன்றில் ஒரு பங்கு சோளமாவைக் கோதுமை மாவுடன் கலந்து செய்த ரொட்டியைத் தாம் உண்டவற்றிலேயே மிகச் சிறந்தது என்று புகழ்ந்தார். பிடிக்காத ஊரிலும் நல்லதைக் கண்டால் மறைக்காமல் சொல்லும் பண்பு அவரிடம் இருந்தது.

விருந்துகளிலும் அவர் புதிய வழக்கங்களைக் கண்டார். ஆண்கள் அறையின் ஒரு கோடியில் கூடித் தேர்தலையும் விளைபொருள் விலையையும் பற்றிப் பேசினர். பெண்கள் மறுகோடியில் ஒருவர் ஆடையை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தனர். அண்டை வீட்டார் முன்னறிவிப்பின்றி உள்ளே நுழைந்து, தாமே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தனர். சிறியவர் பெரியவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் கைகுலுக்கினர். இவையெல்லாம் அம்மையாருக்கு மரியாதைக் குறைவாகவே தோன்றின.

எல்லாவற்றையும்விட அவரைத் திணறவைத்தது வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காததுதான். வேலைக்காரி என்ற சொல்லையே அங்குள்ளவர்கள் ஏற்கவில்லை. உதவியாள் என்றுதான் சொல்லவேண்டும். வீட்டு வேலையில் கிடைப்பதில் பாதி ஊதியமே கிடைத்தாலும், பல இளம்பெண்கள் தாள் ஆலைக்குச் செல்வதையே விரும்பினர். ஒருவர் வீட்டில் ஏவல் செய்வது தங்கள் சமத்துவத்துக்கு இழுக்கு என்று அவர்கள் கருதினர்.

அவ்வாறு உதவிக்கு வந்தவர்களுள் ஒரு மென்மையான பெண்ணும் இருந்தாள். சமையலறையில் தனியே உண்ணுமாறு அவளிடம் சொல்லப்பட்டது. உங்களுடன் அமர்ந்து உண்ண எனக்குத் தகுதியில்லையா என்ற பொருளில் அவள் வெடுக்கென்று கேட்டுவிட்டாள். அதன் பிறகு அவள் பகலுணவை ஏறக்குறைய மறந்தேவிட்டாள். அந்த நேரத்தைக் கண்ணீரில் கழித்தாள். இது அம்மையாருக்குப் பின்னரே தெரியவந்தது. அவர் அவளுக்காக வருந்தினார். ஆனால், எல்லாரும் சமம் என்று ஓயாமல் கேட்டு வளர்ந்ததே அவள் மனத்தைக் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டினார். வீட்டாரும் வேலையாளும் வெவ்வேறு மேசையில் உண்பதே முறை என்பது இங்கிலாந்தில் அவர் கற்றது. ஒரே மேசையில் உண்பதே மதிப்பு என்பது அந்தப் பெண் கற்றது. இருவருக்கும் இடையே நின்றது ஒரு வேளை உணவு மட்டுமன்று.

பிழைப்புக்காக அம்மையார் சின்சினாட்டியில் ஒரு வணிக மாளிகையைக் கட்டினார். கிரேக்க, எகிப்திய, கோதிக் கலைகளைக் கலந்து எழுப்பப்பட்ட அக்கட்டடத்தில் கடைகளும் இசையரங்கும் நடத்தலாம் என்பது அவர் கனவு. ஆனால், கட்டுமானச் செலவு எல்லை மீறியது. கணவர் இங்கிலாந்திலிருந்து வாங்கி அனுப்பிய ஆடம்பரப் பொருள்கள் உழைத்து வாழும் அந்நகர மக்களுக்குத் தேவைப்படவில்லை. 1829ஆம் ஆண்டு திறந்த மாளிகை விரைவிலேயே நொடித்துப்போனது. கடன்காரர்கள் பொருள்களைக் கைப்பற்றினர். காய்ச்சலும் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஊர்மக்கள் அந்த மாளிகையை டிராலப்பின் மடமை என்று கேலி செய்தனர்.

1830ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் அந்நகரைவிட்டு வெளியேறினார். வெறுங்கையோடு சென்றாலும் குறிப்பேடுகளைக் கைவிடவில்லை. கண்டதையும் கேட்டதையும் உண்டதையும் அல்லும் பகலும் எழுதினார். நூல் ஒன்று எழுதினால் குடும்பம் தலைநிமிரும் என்ற நம்பிக்கையுடன் பால்டிமோர், வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய நகரங்களுக்குச் சென்றார்.

அப்பயணத்தின்போது வெர்ஜினியாவில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அவ்வீட்டின் அடிமைச் சிறுமிக்கு எட்டு வயது இருக்கும். அலமாரியில் வெண்ணெய் தடவிய பிஸ்கட் ஒன்றைக் கண்டு, ஆசையோடு தின்றுவிட்டாள். அது எலிகளைக் கொல்ல நஞ்சு தூவி வைத்திருந்த பிஸ்கட். அருகில் மருத்துவர் இல்லை. அம்மையார் உடனே கடுகைத் தண்ணீரில் கலந்து கொடுத்துச் சிறுமியை வாந்தி எடுக்கச் செய்தார். பின்னர், அவளை மடியில் கிடத்தி வாயைத் துடைத்துவிட்டார். அதைக் கண்ட வீட்டாருக்குச் சிரிப்பு வந்தது. அடிமைக் குழந்தையை ஒருவர் மடியில் வைத்துக்கொள்வது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. எல்லாரும் சமம் என்று பேசும் நாட்டில் இப்படியும் நடக்கிறதே என்று அம்மையார் உள்ளம் கொதித்தார்.

1831ஆம் ஆண்டு நாடு திரும்பிய அவர், அமெரிக்கர்களின் இல்லப் பழக்கவழக்கங்களைப் பற்றிய நூலை 1832ஆம் ஆண்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 53. அதுவே அவரின் முதல் நூல். ஓவியர் எர்வி அதற்குப் படங்கள் வரைந்தார். நூல் பலமுறை மறுபதிப்புக் கண்டது. இங்கிலாந்து வாசகர்கள் சிரித்து மகிழ்ந்தனர்; அமெரிக்கர்கள் கொதித்தெழுந்தனர். ஆயினும், நாடக அரங்கில் எவரேனும் ஒழுங்கின்றி அமர்ந்தால், மற்றவர்கள் டிராலப் என்று கூவித் திருத்தினர் என்று சொல்லப்படுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன், அம்மையார் தாம் கண்டதை நேர்மையாகவே எழுதினார் என்று ஏற்றுக்கொண்டார்.

அந்த நூல் தந்த பணத்தால் துன்பம் முற்றும் நீங்கிவிடவில்லை. கணவரின் கடனால் குடும்பம் 1834ஆம் ஆண்டு பெல்ஜியத்துக்குத் தப்பிச் சென்றது. அங்கு மகன் ஹென்றி காசநோயால் இறந்தார். 1835ஆம் ஆண்டு கணவரும், 1836ஆம் ஆண்டு மகள் எமிலியும் மறைந்தனர். நோயாளிகளின் படுக்கை அருகே மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் பக்கத்தில் இருக்க, அம்மையார் எழுதிக்கொண்டே இருந்தார். நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு மேசையில் அமர்ந்துவிடுவார். வீட்டார் எழுவதற்குள் அன்றைய எழுத்துப்பணி முடிந்திருக்கும். இவ்வாறு ஏறத்தாழ 40 நூல்களை எழுதினார். 1836ஆம் ஆண்டு அடிமை முறையின் கொடுமையைக் காட்டும் நாவலை வெளியிட்டார். பின்னர், ஆலைகளில் வதைபட்ட சிறுவர்களின் நிலையை நேரில் அறிய மான்செஸ்டர் நகருக்குச் சென்று, அதைக் குறித்தும் ஒரு நாவல் எழுதினார்.

அவருடைய மகன் ஆண்டனி டிராலப்பும் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆனார். அவர் 1861ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, மறு ஆண்டே அந்நாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தம் தாய் அமெரிக்கர்களின் பழக்கங்களில் உள்ள குறைகளைத் தெளிவாகக் கண்டார் என்பதை அவர் மறுக்கவில்லை. அப்பழக்கங்களுக்கு அடியில் இருந்த ஆட்சிமுறையையும் மக்களின் சமத்துவ உணர்வையும் தாம் ஆராய விரும்பினார். தாயின் எழுத்தால் புண்பட்டவர்களின் மனத்தை ஓரளவேனும் ஆற்ற முடியுமா என்பதும் அவர் எண்ணமாக இருந்தது.

டிராலப் அம்மையார் 1863ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தமது 84ஆம் வயதில் இயற்கை எய்தினார். அயல்நாட்டின் உணவும் வழக்கமும் அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆயினும், அவற்றைக் கூர்ந்து நோக்கி எழுதியதே அவருடைய குடும்பத்துக்குச் சோறு போட்டது. நஞ்சுண்ட சிறுமியை மடியில் ஏந்திய அவர், சமையலறையில் அழுத பெண்ணின் மனத்தை முழுமையாக அறியவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணீரையும் அவர் தம் நூலில் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான், அவர் அறியத் தவறியதை இன்று நாம் அறிந்துகொள்ள முடிகிறது.